மைக் செட் வாங்கப் புறப்படும் முன்

தைப்பூசம் முடிந்து, பந்தல் பிரித்து, கோயில் கமிட்டிக்காரர்கள் கணக்குப் புத்தகத்தை விரித்து உட்காரும் சமயத்தில்தான் இந்தப் பேச்சு எழும். "மீதிப் பணத்தில் சொந்தமாக ஒரு மைக் செட் வாங்கிப் போட்டால் என்ன? ஒவ்வொரு தடவையும் வாடகைக்கு எடுத்துக் கட்டுப்படியாகவில்லையே!" பொருளாளரும் தலையாட்டுவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு இளைஞர்கள் வேனை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போவார்கள். மாலையில் இடுப்பளவு உயரத்தில் கறுப்புப் பெட்டி ஒன்று வந்து இறங்கும். அதன் வயிற்றில் சிவப்பும் நீலமுமாய் விளக்குச் சுழலும். சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டால் கடைசி வீட்டுச் சன்னல் வரை அதிரும். எல்லோருக்கும் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஒரு சிறுமி தேவாரம் பாட எழுந்து நிற்பாள். ஆர்மோனியமும் மிருதங்கமும் சேரும். அப்போதுதான் தெரியும் சங்கதி. 'தொம் தொம்' என்ற அதிர்வு வருகிறது. பிள்ளை பாடுகிற சொல் மட்டும் வரவில்லை. சத்தத்தைக் கூட்டினால் 'கூ...' என்று ஊளையிடுகிறது. குறைத்தால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. சிறுமியோ தன் குரலில்தான் குறை என்று எண்ணிக்கொண்டு அடுத்த வாரம் பாட வரமாட்டேன் என்கிறாள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. பணம் போனால் போகிறது, மறுபடி வசூல் பண்ணலாம். பிள்ளைக்கு வாய் அடைத்துப் போனால் திறப்பது அவ்வளவு சுலபம் அல்ல.

ஆகவே இந்த மாதம், வாசகர்களே, சின்னச் சபைகளுக்கு ஏற்ற மலிவான ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்து வாங்குவது எப்படி என்று பேசலாம் என்றிருக்கிறேன். கல்யாண மண்டபத்து இசைக்குழுவுக்கும், தீபாவளிக் காலத்தில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் போடுகிற பெரிய மேடைகளுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது ஐம்பதிலிருந்து நூறு பேர் வரை பாயில் உட்கார்ந்து கேட்கும் பஜனை, திருமுறை வகுப்பு, தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வீணையோ புல்லாங்குழலோ வாசிக்கும் அரை மணி நேரம், பாலாய் ராயாவில் பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு ஆகியவற்றுக்கு. நம் வட்டாரத்தில் இவை குறைவா என்ன? கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயில் 1896 முதல் இருக்கிறது. கேரித் தீவிலும் காப்பாரிலும் செம்பனைக் காட்டு நடுவே இன்னும் கோயில்கள் இருக்கின்றன. தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்தவர்களும் பஜனையை மூட்டை கட்டிக் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்கு ஆண்டுதோறும் பிள்ளைகளைத் தயார் பண்ணுகிறோம். பிரிக்பீல்ட்ஸில் 1981இல் தொடங்கிய நுண்கலைக் கோயில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாட்டும் மிருதங்கமும் நடனமும் சொல்லிக் கொடுத்து வருகிறது. அந்தப் பாட்டெல்லாம் கடைசிக் காதுவரை போய்ச் சேர வேண்டாமா?

மைக் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். தொண்டையைத்தான் நம்பினார்கள். 1933இல் இளம் வயதிலேயே காலமான எஸ்.ஜி. கிட்டப்பா நாடக மேடையில் உச்ச சுருதியில் பாடியதற்கு அவருடைய வளமான சாரீரம் ஒரு காரணம். கடைசி வரிசை வரை எட்ட வேண்டுமே என்ற அவசியம் மற்றொரு காரணம். கடலுக்கு அப்பால் கலிபோர்னியாவில் மேக்னவாக்ஸ் என்ற பெயரில் இரண்டு பொறியாளர்கள் ஒலிபெருக்கி செய்து, 1915ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில் சான் பிரான்சிஸ்கோ நகர மக்கள் முன்னால் பாட்டையும் பேச்சையும் ஒலிக்கச் செய்தார்கள். அப்புறம் வந்ததுதான் நாம் எல்லோரும் சிறு வயதில் பார்த்த குழாய் ஸ்பீக்கர். தென்னை மரத்தில் கட்டி வைத்தால் இரண்டு டிவிஷன் தாண்டியும் கேட்கும். ஜப்பான் கோபே நகரத்தில் 1934இல் பிறந்த தோவா கம்பெனியின் குழாய்களை இன்றும் கோயில்களிலும் சூராவ்களிலும் காணலாம். கொடுக்கிற மின்சாரத்துக்கு அவ்வளவு சத்தம் தரும் வேறு சாதனம் கிடையாது. ஆனால் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை அது ஏறக்குறைய விழுங்கிவிடும். ஆண் குரலின் அடி நாதம் 120 ஹெர்ட்ஸை ஒட்டியது. மிருதங்கத்துத் தொப்பி அதற்கும் கீழே இறங்கும். அறிவிப்புச் செய்யவும், நேரமாகிவிட்டது என்று ஆளைக் கூப்பிடவும் குழாய் போதும். மிருதங்கத்தைக் குழாயில் கேட்டால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

இப்போது கடைக்குப் போவோம். கடைக்காரர் முதலில் சொல்வது வாட் கணக்கு. "இது ஆயிரம் வாட், அண்ணே!" அந்த ஆயிரத்தைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது. பெட்டியின் மேல் அச்சடித்திருப்பது பெரும்பாலும் கண் இமைக்கும் நேரத்துக்குத் தாங்குகிற உச்ச அளவு. தொடர்ந்து தாங்குகிற அளவு அதில் கால் பங்காக இருக்கலாம். பி.எம்.பி.ஓ. என்று எழுதி ஐயாயிரம் பத்தாயிரம் என்று போட்டிருந்தால் அந்த எண்ணை எண்ணாகவே மதிக்க வேண்டியதில்லை. "ஆர்.எம்.எஸ். எவ்வளவு? தொடர்ச்சியாக எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை.

அந்த உண்மையான வாட் கூட நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிய விஷயமல்ல. வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது; மூன்று டெசிபல்தான் கூடும். காது அதைக் 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்றுதான் உணரும். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறையப் பத்து மடங்கு வாட் வேண்டும். இதைவிட முக்கியம், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் பெட்டி எவ்வளவு சத்தம் தருகிறது என்ற கணக்கு. உணர்திறன் என்று இதைச் சொல்வார்கள். 91 டெசிபல் உணர்திறன் உள்ள பெட்டிக்கு 100 வாட் கொடுத்து எழுப்புகிற சத்தத்தை, 97 டெசிபல் உள்ள பெட்டி 25 வாட்டிலேயே எழுப்பிவிடும். அதிகம் தின்கிற மாடுதான் அதிகம் கறக்கும் என்று இல்லையே! மின்பெருக்கி உள்ளேயே அமைந்த பெட்டிகளில் உணர்திறனுக்குப் பதிலாக 'அதிகபட்ச ஒலி அளவு' என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அதுவும் உச்சக் கணக்குதான். அதிலிருந்து எட்டுப் பத்து டெசிபல் கழித்துக்கொண்டால் நாம் நம்பக்கூடிய அளவு கிடைக்கும்.

அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? ஒரு சின்னக் கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் சத்தம் ஆறு டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 110 டெசிபல் என்றால் இரண்டு மீட்டரில் 104, நான்கில் 98, எட்டில் 92, பதினாறு மீட்டரில் 86. சாதாரணமாகப் பேசுகிற சத்தம் 60ஐ ஒட்டி இருக்கும். பின்வரிசையில் தாய்மார்கள் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தாலும் பாட்டு 80க்கு மேல் வந்தால் தாராளமாகக் கேட்கும். ஆகவே ஐம்பது அடி நீளமுள்ள இடத்துக்கு, ஒரு மீட்டரில் 110 டெசிபலைச் சிரமமில்லாமல் தருகிற ஒரே ஒரு நல்ல பெட்டி போதும். இதற்கு ஆயிரம் வாட் வேண்டியதில்லை. தகரக் கூரையில் மழை அடித்துப் பெய்கிறபோது மட்டும் எந்தப் பெட்டியும் உதவாது. பாட்டை நிறுத்திவிட்டுத் தேநீர் கொடுத்துவிடலாம்.

முன்வரிசைக் கணக்கையும் பாருங்கள். பின்னால் 86 கேட்கிற அதே நேரத்தில் பெட்டியிலிருந்து இரண்டு மீட்டரில் 104 இருக்கிறது. 85 டெசிபலை நாளுக்கு எட்டு மணி நேரம் வரை காது தாங்கும். அதற்கு மேல் மூன்று மூன்று டெசிபல் கூடக் கூட நேரம் பாதி பாதியாகக் குறையும் என்பது காது வைத்தியத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 104 என்றால் ஆறேழு நிமிஷம்தான். நம் ஊரில் பெட்டிக்கு நேர் முன்னால் யாரை உட்கார வைப்போம்? சின்னப் பிள்ளைகளைத்தான்! பெட்டியைத் தூக்கிக் கம்பத்தில் வைத்தால் இந்தச் சங்கடமும் தீரும். பின்னால் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்கும். தரையில் வைத்த பெட்டியின் கூர்மையான ஒலியை முன்னால் இருப்பவர்களின் உடம்பே உறிஞ்சிவிடும். பெட்டி வாங்கும்போது அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கம்பத்தில் மாட்டுவதற்கு ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் ஒரு குழி இருக்க வேண்டும். அது இல்லாத பெட்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

சக்கரம் வைத்து, விளக்குப் போட்டு, கரோக்கே என்று விற்கிறார்களே, அந்தப் பெட்டிகளைப் பற்றி என் அபிப்பிராயம் முதலிலேயே தெரிந்திருக்கும். பிறந்தநாள் விருந்துக்கு அவை சரிதான். அவற்றை ஆட்டம் போடுகிறவர்களுக்காகச் செய்கிறார்கள். ஆகவே அடி நாதத்தை ஊதிப் பெருக்கி, குரல் நிற்கிற நடுப்பகுதியைக் குழிவாக்கி விடுகிறார்கள். நமக்கு வேண்டியது நேர் எதிரானது. பத்து அல்லது பன்னிரண்டு அங்குலக் கூம்பும், மேலே கூர்மையான ஒலிக்கென ஒரு சிறு குழலும் கொண்ட, மின்பெருக்கி உள்ளடங்கிய சாதாரணக் கறுப்புப் பெட்டி. அழகாக இருக்காது. எட்டு அங்குலம் வீணைக்கும் குரலுக்கும் போதும். மிருதங்கம் சேர்ந்தால் பத்தாவது வேண்டும். பதினைந்து அங்குலம் நம் சபைக்குத் தேவையில்லை. தூக்குகிறவருக்கு முதுகு வலிதான் மிச்சம். மெலிந்த தூண் மாதிரி உயரமாக நிற்கும் பெட்டிகளும் இருக்கின்றன. போஸ் கம்பெனி 2003இல் எல்-ஒன் என்று கொண்டுவந்தது. இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் சத்த வித்தியாசம் குறைவு என்பதால் பஜனைக்கு மிக நன்று. மலிவுப் பதிப்புகள் மெலிந்த குரலில் கீச்சிடும். கேட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

எப்படிக் கேட்டுப் பார்ப்பது? இங்கேதான் நான் வாத்தியார் வேலையைக் காட்டப் போகிறேன். கடையில் போட்டுக் காட்டும் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அந்தப் பாட்டு எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் அவர் அதை வைத்திருக்கிறார். நீங்கள் சொல்வதெழுதுதல் நடத்துங்கள். ஆம், நான்காம் ஆண்டில் நடத்துவோமே, அதேதான். ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வாசிக்கட்டும்: வலி, வழி, வளி, தலை, தழை, தளை, அரம், அறம், மனம், மணம். வரிசையை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். மற்றொருவர் நாற்பது ஐம்பது அடி தள்ளி முதுகைக் காட்டி நின்று காகிதத்தில் எழுதட்டும். இருபது சொல்லில் பதினெட்டாவது சரியாக வந்தால் அது தமிழ் பேசத் தெரிந்த பெட்டி. பத்துக்குக் கீழே போனால் விலையைக் கூடக் கேட்க வேண்டாம்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. ல, ள, ழ மூன்றுக்கும் உள்ள பேதம் குரலின் அடி நாதத்தில் இல்லை. ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸ் வரை உள்ள நடு மேல் பகுதியில்தான் நாக்கு வளைந்ததா, தடவியதா என்ற செய்தி இருக்கிறது. ச, ஸ, ஷ ஆகியவை இன்னும் மேலே. அந்தப் பகுதியைப் பெட்டி மழுப்பிவிட்டால் 'வழி' என்பது 'வலி'யாகும். தேவாரத்தில் ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி ஃபிளெட்சர் என்ற விஞ்ஞானியும் அவரைச் சேர்ந்தவர்களும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே டெலிபோனை இப்படித்தான் சோதித்தார்கள்: ஒருவர் அர்த்தமில்லாத அசைகளை வாசிக்க, மறுமுனையில் இருப்பவர் எழுத, எத்தனை சரி என்று எண்ணினார்கள். சொல்வதெழுதுதல் நாம் நினைப்பதைவிடப் பெரிய வித்தை!

சொல் சோதனைக்குப் பிறகு, முடிந்தால் பாடுகிற பிள்ளை ஒருத்தியையும் ஆர்மோனியத்தையும் கூட்டிப்போய் ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். ஏன் இத்தனை பேர் என்று கடைக்காரர் பார்ப்பார். பார்க்கட்டும்.

ஊளைச் சத்தம் பற்றிச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் இதைப் பெட்டியின் கோளாறு என்று நினைத்துப் பெட்டியை மாற்றுகிறார்கள். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மறுபடியும் மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி வெளியே வந்து சுற்றுவதுதான் ஊளை. ஸ்பீக்கர் எப்போதும் பாடுகிறவருக்கு முன்னால், கேட்கிறவர்களைப் பார்த்து இருக்க வேண்டும். பாடுகிறவர் தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்று பெட்டியைப் பின்னால் வைக்கச் சொல்வார். கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துச் சமாதானம் பண்ணுங்கள். மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் பிடிக்க வேண்டும். எட்டு விரலாக்கினால் ஆறு டெசிபல் போச்சு. அதை ஈடுகட்ட நீங்கள் சத்தத்தைக் கூட்டுவீர்கள், உடனே ஊளை வரும். மைக்கின் வலைத் தலையைக் கைக்குள் பொத்திப் பிடிக்கிறார்களே, சினிமாப் பாடகரைப் பார்த்துப் பழகியது, அதை உடனே நிறுத்துங்கள். பின்பக்க ஒலியை ஒதுக்குவதற்கென்றே அமைத்த துவாரங்களை அது அடைத்துவிடும். எல்லாப் பக்க ஒலியும் உள்ளே வரும். அதோடு, திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தடவையும் ஊளை வருவதற்கு முன் கிடைக்கும் இடைவெளி மூன்று டெசிபல் சுருங்குகிறது. ஆறு பிள்ளைக்கு ஆறு மைக் என்று வரிசையாக நிறுத்துவதைவிட, மூன்று பேருக்கு ஒன்றாக இரண்டு மைக் வைத்து நெருங்கி நிற்கச் செய்வது நல்லது. பாடாதவரின் மைக்கை மூடிவிடுங்கள். மிருதங்கத்துக்கு நம் சின்ன இடங்களில் மைக்கே வேண்டியதில்லை என்பேன். உருமிக்கு அறவே வேண்டாம். அதை அடக்க மைக் ஒன்று கண்டுபிடித்தால் சொல்லுங்கள்! மின்னணுச் சுருதிப் பெட்டி இருந்தால் அதன் முன் மைக்கை வைக்காமல் ஒயரால் நேரே இணைத்துவிடலாம்.

சிமெண்டுச் சுவரும் ஓடு பதித்த தரையும் உள்ள மண்டபத்தில் வேறு தொல்லை. ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. பதினேழு மீட்டர் தள்ளி உள்ள வெறுஞ்சுவரில் பட்டுத் திரும்ப விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் பாடகர் அடுத்த எழுத்துக்குப் போயிருப்பார். இரண்டும் மோதிக் குழம்பும். அங்கே சத்தத்தைக் கூட்டக் கூடக் குழப்பமும் கூடும். பெட்டியைச் சுவரைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்துச் சற்றுக் கீழே சாய்த்து வையுங்கள். அடி நாதத் திருகைக் குறையுங்கள். பாய் விரிப்பதும் திரைச்சீலை தொங்கவிடுவதும் ஓரளவு உதவும். ஆட்கள் நிறைந்தால் தானாகவே சரியாகும், ஆகவே காலி மண்டபத்தில் சோதித்துவிட்டு மனம் தளர வேண்டாம்.

பணத்தைப் பங்கிடுவது எப்படி? உங்கள் கையில் 2,500 வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பெட்டி வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஜோடியாக நின்றால்தான் பார்வைக்கு அழகு என்பார்கள். நான் ஒன்று போதும் என்கிறேன். இடப்பக்கம் வலப்பக்கம் என்று பிரித்துக் கேட்பதற்கு இது சினிமா அல்ல. 1,300, 1,400 வெள்ளியை ஒரே ஒரு நல்ல பெட்டியில் போடுங்கள். மிச்சத்தில் நான்கு மைக் இணைக்கக்கூடிய சிறு கலவைப் பெட்டி ஒன்று, அதாவது மிக்சர். உழைக்கிற மைக் இரண்டு. கம்பம், மைக் ஸ்டாண்ட், ஒயர். அடுத்த ஆண்டு வசூலில் அதே மாதிரிப் பெட்டி இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம். மோசமான இரண்டை வாங்கினால் அடுத்த ஆண்டு இரண்டையும் மாற்ற வேண்டிவரும். ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். மூன்று ஊசி கொண்ட எக்ஸ்.எல்.ஆர். ஒயர் நூறு அடி ஓடினாலும் 'உர்ர்' என்று இரையாது. ஒற்றை ஊசி ஜாக் ஒயர் இருபது அடி தாண்டினாலே இரையத் தொடங்கிவிடும்.

மைக் விஷயத்தில் எச்சரிக்கை. ஷுவர் கம்பெனியின் எஸ்.எம். 58 என்ற மைக் 1966இல் வந்தது. கீழே விழுந்தாலும் எழுந்து பாடும். அந்தப் பெயருக்காகவே அதற்குப் போலிகள் ஏராளம். அசல் சுமார் 300 கிராம் இருக்கும். போலி கையில் எடுத்தால் இலேசாக இருக்கும். பாதி விலைக்குக் கிடைத்தால் அது அசல் அல்ல. அசல் வாங்க முடியாவிட்டால் போலியை வாங்குவதைவிட, வேறு கம்பெனியின் சொந்தப் பெயருள்ள மலிவு மைக்கை வாங்குவது மேல். ஒயர் இல்லாத மைக் ஆசை வேண்டாம். அதே விலைக்கு ஒயர் உள்ள மைக் இரண்டு மடங்கு தரமாக இருக்கும். பாதிப் பாட்டில் பேட்டரியும் தீராது. பழைய ஒயரில்லா மைக்கை யாராவது மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால் அதன் அலைவரிசை 700 மெகாஹெர்ட்ஸ் வட்டாரமா என்று பாருங்கள். 2019இல் பழைய டெலிவிஷன் ஒளிபரப்பை நிறுத்திய பிறகு அந்த இடம் கைத்தொலைபேசிக்குப் போய்விட்டது. கைத்தொலைபேசி என்றதும் மற்றொன்று. புளூடூத்தில் சுருதியோ பாட்டோ போடுகிறவர்கள் விமான நிலைக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள். தேவாரத்து நடுவே மைத்துனர் அழைப்பு மணி மண்டபம் முழுக்க ஒலிப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

எங்கே வாங்குவது? கோலாலம்பூர் புடு வட்டாரத்தில் ஜாலான் பசாரில் மின்னணுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கிள்ளானிலிருந்து காலையில் கிளம்பினால் நான்கைந்து கடை ஏறி இறங்கிவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். விலை விசாரிக்கக் கைத்தொலைபேசி போதும், ஆனால் காது அங்கே போயாக வேண்டும். பழைய சாமான் வாங்கினால் கூம்பின் ஓரத்து நுரைப் பட்டையை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். துணிப் பட்டை என்றால் நெடுநாள் உழைக்கும்.

வருஷத்துக்கு மூன்றே தடவைதான் தேவை என்றால் வாங்கவே வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவைக்கு 300 வெள்ளி வாடகை என்று வைத்தாலும் 900தான். அவர்களே கொண்டுவந்து, அவர்களே மாட்டி, அவர்களே தூக்கிப் போவார்கள். வாரா வாரம் பஜனை நடக்கிற இடத்துக்குத்தான் சொந்த செட்டு கட்டுப்படியாகும். பக்கத்துக் கோயிலும் பள்ளியும் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம், யார் பெயரில் ரசீது என்ற சண்டை வராதவரை.

மின்சாரத்தில் விளையாடக் கூடாது. பழைய தோட்ட மண்டபங்களில் மூன்று துளைப் பொருத்தியில் மண் இணைப்பு வேலை செய்கிறதா என்று வயர்மேனிடம் காட்டிச் சோதியுங்கள். இரைச்சல் போக வேண்டும் என்று மண் ஊசியைக் கழற்றிவிடுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். மைக்கைப் பிடித்திருப்பது ஈரக் கையோடு வந்த பிள்ளை என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள். நீட்டிப்பு ஒயரிலும் பிளக்கிலும் சிரிம் முத்திரை இருக்கட்டும். விளக்குத் தோரணமும் பெரிய காற்றாடியும் தேநீர்க் கொதிகலனும் செருகிய அதே ஒயரில் ஸ்பீக்கரையும் செருக வேண்டாம்; ஒரு 13 ஆம்பியர் பொருத்தி சுமார் 3,000 வாட்டுக்கு மேல் தாங்காது, கொதிகலன் ஒன்றே பெரும்பகுதியைத் தின்றுவிடும். இடி முழங்கத் தொடங்கினால் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.

பத்திரப்படுத்துவதைப் பற்றி இரண்டு வார்த்தை. பெட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்; மேலே துணி போட்டு மூடுங்கள்; பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்துவிடும். பேட்டரி உள்ள பெட்டியானால் மாதம் ஒரு தடவை மின்னேற்றம் செய்யாவிட்டால் பேட்டரி செத்துப்போகும். பிறகு, யாராவது ஒருவர் பொறுப்பில் விடுங்கள். பத்துப் பேர் திருகினால் ஒருவருக்கும் சரியாக வராது. இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்திக்குச் சொல்லிக்கொடுங்கள். பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள், பொறுமையும் இருக்கும். ஒரு நாள் எல்லாம் நன்றாக அமைந்து கேட்டதா, அப்போதே மிக்சரின் ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் வெள்ளை நாடா ஒட்டி, முள் நின்ற இடத்தைப் பேனாவால் குறித்துவிடச் சொல்லுங்கள். குரலுக்கு ஒரு நிறம், ஆர்மோனியத்துக்கு ஒரு நிறம். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கோட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.